ராஜமரத்து ஊஞ்சல்

என் தம்பியின் பிள்ளை புது வீடு கட்டிக் குடிபோகிறான் என்று தம்பானூர் பக்கம் ஒரு நாற்காலிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அத்தைக்கு மரம் பார்க்கத் தெரியும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. கடைக்குள் காலை வைத்ததும் மூக்கில் ஏறியது மர வாசனை இல்லை, பெயின்ட் வாசனை. மினுமினு என்று ஒரு சோபாவைக் கடைக்காரர் தட்டிக் காட்டினார். "அம்மா, ரோஸ்வுட் ஃபினிஷாக்கும். தொட்டு நோக்குங்கோ." நான் தொட்டு நோக்கவில்லை, குனிந்து அடியில் நோக்கினேன். மரத்தூளை அமுக்கிச் செய்த அட்டை. அதன்மேல் ரோஸ்வுட் படம் போட்ட தாள். ஆரம்பம் என்று ஒன்று இல்லாமலே ஃபினிஷ் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வந்த சிரிப்பில் தம்பி பிள்ளை பயந்துபோய், "அத்தே, தண்ணி வேணுமா?" என்றான். தண்ணீர் எதற்கு? எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

ரோஸ்வுட்டை நாங்கள் அந்த நாளில் ஈட்டி என்போம். கத்தரிக்காய்த் தோல் நிறத்தில், நடுநடுவே கறுப்புக் கோடு ஓடும். அறுக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், வெல்லப்பாகும் பழைய புத்தகமும் கலந்தாற்போல். பெரிய மனிதர் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே தெரிந்துவிடும், இங்கே ஈட்டி இருக்கிறது என்று. கட்டில், பீரோ, சாய்வு நாற்காலி, வக்கீல் வீட்டில் புத்தக அலமாரி. மற்றவர்கள் வீட்டில் பலா, மா, அயினி. அயினி என்றால் மலையாளத்தில் ஆஞ்ஞிலி. பலாவுக்குத் தம்பி மாதிரி, வானத்துக்கு வளரும் மரம். பழம் சின்னதாக, மேலெல்லாம் முள்ளு முள்ளாக இருக்கும். உள்ளே ஆரஞ்சு நிறச் சுளை. கொட்டையை வறுத்துத் தின்றால் வேர்க்கடலை தோற்றுப்போகும். கதவு, நிலை, உத்தரம், தோணி, வள்ளம் எல்லாவற்றுக்கும் அயினிதான். தண்ணீரில் கிடந்தாலும் உளுக்காது, கரையான் கிட்டே வராது. இவ்வளவு நல்ல மரத்துக்கு ஒரே ஒரு குறை, எல்லாரிடமும் இருக்கும். எல்லாரிடமும் இருக்கிற ஒன்றைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஈட்டியோ ராஜமரம். ராஜமரம் என்றால் ஏதோ புகழ்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம். தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம், இதெல்லாம் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் எங்கே முளைத்தாலும் மகாராஜாவுக்குச் சொந்தம். காட்டில் முளைத்தால் சரி, உங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றங்கரையில் முளைத்தாலும் அவருக்குத்தான். நீங்கள் தண்ணீர் விடலாம், நிழலில் நிற்கலாம், வெட்டக் கூடாது. அதனால் நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? கொல்லையில் தேக்குக் கன்று தலை தூக்கினால் கீரை பிடுங்குகிற மாதிரி பிடுங்கி எறிந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். ராஜபக்தி வாசல்பக்கம், இந்தக் காரியம் கொல்லைப்பக்கம்.

காட்டில் வெட்டின ஈட்டிக்குச் சர்க்கார் சுத்தியலால் ஒரு முத்திரை அடிப்பார்கள். வட்டத்துக்குள் ஒரு சங்கு. அந்தச் சங்கு இல்லாத ஈட்டி உங்கள் வீட்டில் இருந்தால் அது மகாராஜாவிடமிருந்து திருடியது என்று அர்த்தம். இது எல்லாருக்கும் தெரியும். எங்கள் அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். பெருமை பேசுகிறவர்களுக்கு யோசிக்க எங்கே நேரம்?

அப்பாவுக்குக் கோயில் கலவறையில் உத்தியோகம். அரிசியும் பருப்பும் அளந்து கொடுக்க வேண்டும். ஒரு மணி கூடாது, ஒரு மணி குறையாது. அங்கே அப்படி அளந்து அளந்து அலுத்துப்போய், வீட்டுக்கு வந்தால் அளவே இல்லாமல் அளப்பார். அவர் அளப்பதற்கெல்லாம் மூலதனம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கிய ஊஞ்சல் பலகை. ஒரே பலகை, கன்னங்கரேல் என்று இருக்கும். யார் வந்தாலும், தபால்காரராக இருந்தாலும், அதைத் தட்டிக் காட்டி, "ஈட்டியாக்கும், ஈட்டி! எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு அரண்மனையிலேர்ந்து கொடுத்தது" என்பார். நான் சின்னவளாக இருந்தபோது அதைக் கொடுத்தது அரண்மனைச் சமையல் அதிகாரி. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது திவான் கொடுத்ததாக ஆயிற்று. நான் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் வந்தபோது மகாராஜாவே தம் கையால் கொடுத்திருந்தார். இன்னும் இரண்டு வகுப்பு இருந்திருந்தால் பகவானே இறங்கி வந்து கொடுத்திருப்பார்.

பலகையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள் இருந்தன. மெழுகில் கரியைக் குழைத்து அடைத்திருக்கும். "அதென்ன துளை?" என்று கேட்டால் அதற்கும் பதில் இருந்தது. "யானைத் தந்தம் பதிச்சிருந்தது. எவனோ தோண்டி எடுத்துண்டு போயிட்டான், பாவி."

அம்மா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். மாசத்துக்கு ஒரு தடவை விளக்குக் கரியையும் நல்லெண்ணெயையும் குழைத்து அந்தப் பலகைக்குத் தேய்ப்பது அவள் வேலை. ஒரு நாள் தேய்த்துக்கொண்டே என்னிடம், "ஈட்டியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அயினி. எண்ணெய் போடறவளுக்குத் தெரியாதா எது என்னன்னு? உங்கப்பாகிட்ட சொல்லிண்டு நிக்காதே, அந்த மனுஷருக்கு இருக்கற சந்தோஷம் இது ஒண்ணுதான்" என்றாள். கறுப்பு பூராவும் அம்மாவின் கை உழைப்பு. பெருமை பூராவும் அப்பாவுக்கு.

எங்கள் தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் ஊஞ்சலுக்கு எங்கள் பலகைதான் இரவல் போகும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார்த்தி, பாலும் பழமும் கொடுத்து, லாலி பாடி ஆட்டுவார்களே, அது அரண்மனை ஈட்டியில் நடந்தது என்றால் சம்பந்தி வீட்டார் எதிரில் சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம். எதிராத்து கணபதி ஐயர் பாலக்காட்டில் பெரிய இடத்தில் பெண்ணைக் கொடுத்தபோது இந்தப் பலகையைக் காட்டித்தான் காரியத்தை முடித்தார் என்று ஊரில் பேச்சு. பலகை போகிற இடத்துக்கெல்லாம் அப்பாவும் கூடவே போவார். முதல் தாம்பூலம் அவருக்கு.

இனி என் கதைக்கு வருகிறேன். யுத்தத்துக்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ முன்பு. நான் ஆறாம் பாரம். வகுப்பில் முதல். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். அப்பாவின் ரத்தம் கொஞ்சம் இருக்காதா? பரீட்சை முடிந்ததும் பெண்கள் காலேஜில் சேர்ந்து படிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம். தூக்கத்தில்கூட அந்தக் காலேஜ் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருப்பேன். கணக்குப் பாடம் எடுத்துப் படித்து, பிறகு கணக்கு டீச்சர் ஆவது என்பது வரைக்கும் தீர்மானம் ஆகியிருந்தது. வீட்டில் கல்யாணத்தைத் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். வந்த இடமெல்லாம், "பொண்ணு படிச்சது போறும்" என்றார்கள். ஆலப்புழையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர், மூத்தாள் செத்துப்போய் இரண்டாந்தாரமாகக் கேட்டார். நான் கணக்கில் கெட்டி என்று கேள்விப்பட்டு, கல்லாவில் உட்கார்த்தலாம் என்று அவருக்கு எண்ணம். கணக்கு அங்கேயும் உபயோகப்படும்தான்.

அப்போதுதான் கரமனையிலிருந்து ரேஞ்சர் வீட்டு ஜாதகம் வந்தது. காட்டில் உத்தியோகம் பார்க்கிற பெரிய மனிதர். போனக்காட்டு மலை வரைக்கும் அவர் அதிகாரம் செல்லும். ஈட்டி மரம் எத்தனை விழுந்தது, யானை எத்தனை இழுத்தது எல்லாம் அவர் கண்பார்வையில். மீசையும் தலைப்பாகையும் பார்த்தால் மரமே தானாக விழுந்துவிடும். பையன் பி.ஏ. படித்துவிட்டு ஒரு ஆபீசில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அம்மா தயங்கித் தயங்கி, "கொழந்தைக்கு மேல படிக்கணும்னு ஆசை" என்று வாயைத் திறந்தாள். ரேஞ்சர் கையை உயர்த்தினார். "படிக்கட்டுமே! எங்காத்துலேர்ந்து காலேஜ் கூப்பிடற தூரம். நாட்டுப்பொண் காலேஜுக்குப் போனா எங்களுக்குன்னா பெருமை!" நான் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று அதன் பிறகுதான் பார்த்தேன். பரவாயில்லை, நன்றாகவே இருந்தார். காலேஜோடு சேர்ந்து வந்ததால் இன்னும் நன்றாக இருந்தார்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டுக் கூடத்தில். தெரு முழுக்க வந்தாயிற்று. கணபதி ஐயர் முன்வரிசை. தட்டு மாற்ற இன்னும் சற்று நேரம் இருந்தது. ரேஞ்சர் உட்கார இடம் தேடினார். பாயில் உட்கார்த்தியிருந்தால் என் ஜன்மம் வேறு மாதிரி போயிருக்கும். அப்பா அவர் கையைப் பிடித்து ஊஞ்சலுக்கு அழைத்துப் போனார். "ஸம்பந்தி இதுல உக்காரணும். ஈட்டியாக்கும். மகாராஜா கொடுத்தது."

உட்காரப் போனவர் அப்படியே நின்றார். பலகையைப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். சுற்றி வந்து நான்கு மூலையும் பார்த்தார். அப்பாவுக்குப் பரம சந்தோஷம், மரம் தெரிந்த மனிதர் ரசிக்கிறார் என்று.

"முத்திரை எங்கே?" என்றார் ரேஞ்சர்.

"முத்திரையா? அரண்மனை கொடுத்ததுக்கு என்ன முத்திரை?"

"அரண்மனையில மகாராஜா உக்கார்ற நாற்காலிக்கே முத்திரை உண்டு. ஈட்டின்னு நீங்க சொல்றேள். முத்திரை இல்லை. அப்போ ரெண்டே வழிதான். ஒண்ணு, இது ஈட்டி இல்லை. இல்லையானா இது களவு போன ராஜமரம். எதுன்னு சொல்லுங்கோ."

அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு பக்கம் பொய்யன், இன்னொரு பக்கம் திருடன். நடுவில் முன்வரிசையில் கணபதி ஐயரும் தெருவும். நான் கதவுக்குப் பின்னால் சகல தெய்வத்தையும் வேண்டிக்கொண்டேன்: அப்பா, அயினி என்று சொல்லிவிடு. ஒரு வார்த்தை. சொன்னால் என்ன, தலையா போய்விடும்?

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஈட்டிதான்" என்றார்.

கேட்டீர்களா? பொய்யன் என்ற பெயரைவிடத் திருடன் என்ற பெயர் அவருக்கு மரியாதையாகப் பட்டுவிட்டது. பெண் கல்யாணம் போனால் போகட்டும், பலகை ஈட்டியாகவே இருக்க வேண்டும்.

ரேஞ்சர் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். "அப்போ என்னால இங்க தட்டு மாத்திக்க முடியாது. சர்க்கார் உப்பைத் தின்னுண்டிருக்கேன். களவு போன ஈட்டி இருக்கற ஆத்துல நான் பொண்ணெடுத்தா நாளைக்கு எம்மேல கை நீட்டுவா. காரியஸ்தன் வந்து பலகையை எடுத்துண்டு போவான். நீங்க கச்சேரியில பதில் சொல்லிக்குங்கோ." சொல்லிவிட்டு, "வாடா, போகலாம்" என்றார் பையனிடம். பையன் எழுந்தார். தன் அப்பா எழு என்றால் எழுவார், உட்கார் என்றால் உட்காருவார். அப்போது அதை நல்ல குணம் என்று நினைத்தேன்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலேஜ் மாடிப்படி ஒன்றொன்றாக இறங்கிப் போகிறது, ஆலப்புழைக் கல்லாப்பெட்டி ஏறி வருகிறது. நிச்சயதார்த்தத்தன்று பெண் கூப்பிடாமல் கூடத்துக்கு வரக் கூடாது. வந்தேன். தாம்பூலத் தட்டில் பாக்குவெட்டி கிடந்தது. எடுத்தேன். அம்மா "ஏய், ஏய்" என்பதற்குள் பலகையின் நடுவில் அழுத்தி ஒரு இழு இழுத்தேன். அம்மாவின் எத்தனையோ வருஷத்துக் கரியும் எண்ணெயும் சுருள் சுருளாக வந்தது. அடியில் மஞ்சள். நல்ல பழுத்த மஞ்சள்.

"மாமா, பாருங்கோ. இது ஈட்டி இல்லை. எங்கப்பா திருடலை. பொய்தான் சொன்னார்" என்றேன்.

ரேஞ்சர் திரும்பி வந்தார். மண்டியிட்டு முகர்ந்தார். விரலால் தடவினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆஞ்ஞிலி! ஒண்ணாந்தரம் ஆஞ்ஞிலி! அப்பாடா, களவு இல்லை!" எனக்கு உயிர் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். மரம் தெரிந்த மனிதருக்குக் கை சும்மா இருக்காதே! ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். ஒரு துளையிலிருந்து மெழுகு பொட்டென்று விழுந்தது.

"இதென்ன துளை?"

"தந்தம்..." என்றார் அப்பா.

"தந்தமாவது! கயிறு கோத்துக் கட்டின துளைன்னா இது! வள்ளத்துப் பலகையாக்கும் ஓய், வள்ளம்!"

உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் பக்கத்து வள்ளத்துக்கு ஆணி கிடையாது. அயினிப் பலகையில் ஓரமாகத் துளை போட்டுத் தேங்காய்நார்க் கயிற்றால் தைப்பார்கள். பழசாகிப் பிரித்தால் பலகையை வள்ளக்கடவில் விற்பார்கள். அரண்மனை தந்ததாகச் சொன்ன பலகையை எங்கள் கொள்ளுத்தாத்தா அங்கேதான் வாங்கியிருக்க வேண்டும். அந்த வள்ளம் கொல்லத்துக்குக் கொப்பரை ஏற்றிப் போனதோ, விழிஞ்ஞத்தில் மீன் ஏற்றி வந்ததோ, யார் கண்டது? எத்தனை கூடை மத்தி அதில் ஏறி இறங்கியதோ! அதில்தான் எங்கள் அக்ரஹாரத்துத் தம்பதிகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து பாலும் பழமும் சாப்பிட்டிருக்கிறார்கள். வாசலில் மீன்காரி போனாலே வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கிறவர்கள். கணபதி ஐயர் சம்சாரம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி உட்கார்ந்த இடத்திலிருந்து நகர்ந்து உட்கார்ந்தாள், மீன் நாற்றம் இப்போது வந்து ஒட்டிக்கொள்ளப் போகிற மாதிரி. எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் கணபதி ஐயர். பாலக்காட்டுச் சம்பந்தி காதுக்கு இது போனால் என்ன ஆகும் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டார். எழுந்து நின்று, "அது ஈட்டிதான்! நான் சொல்றேன்!" என்று கத்தினார். "ஆமாம், ஈட்டிதான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "சின்ன வயசிலேர்ந்து பார்க்கறோம், ஈட்டியில்லாம பின்னெ என்ன?" என்றார் மூன்றாமவர். மஞ்சள் கோடு எல்லார் கண் முன்னாலும் பளிச்சென்று இருக்கிறது. ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

"நான் சர்க்கார் மனுஷன். பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்ல மாட்டேன்" என்று நிமிர்ந்தார் ரேஞ்சர்.

கணபதி ஐயர் அவர் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் எங்களுக்குக் கேட்டது. "உங்க தங்கை பொண் கல்யாணத்துக்குக் கரமனைக்குப் போச்சே ஒரு பலகை, நீங்களே என்கிட்ட வந்து கேட்டு நான் இரவல் வாங்கித் தந்தது, ஞாபகம் இருக்கோ? அது எதுன்னு நெனைக்கறேள்?"

ரேஞ்சர் மீசை இரண்டு பக்கமும் தொங்கிவிட்டது. அன்றைக்கு ஏன் முத்திரை பார்க்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. இரவல் வாங்கப் போகும்போது யார் உத்தியோகத்தையும் கூட அழைத்துப் போகிறார்கள்? பிறகு வாசலில் நின்ற தம் சேவகனைக் கூப்பிட்டார். "வண்டியை எடுத்துண்டு ஆத்துக்குப் போய்ட்டு வா. என் பெட்டியில சுத்தியல் இருக்கு, கொண்டா."

சுத்தியல் வந்தது. துணியில் சுற்றி, சுவாமி விக்கிரகம் மாதிரி. பலகையைச் சங்கிலியிலிருந்து கழற்றி நிறுத்தினார்கள். ரேஞ்சர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையின் தலைப்பில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வட்டத்துக்குள் சங்கு பதிந்தது. "முத்திரை இருந்தா ஈட்டி. இருக்கா? இருக்கு. ஆஞ்ஞிலிக்கு முத்திரை போட்டா மகாராஜாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை" என்றார். சட்டத்தை இவ்வளவு சுத்தமாக யாரும் காப்பாற்றியிருக்க முடியாது. அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணபதி ஐயர் முதல் ஆளாக வந்து அந்தச் சங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா உள்ளே போய்க் கரியும் எண்ணெயும் கொண்டு வந்து மஞ்சள் கோட்டை மறைத்தாள். தட்டு மாற்றியாயிற்று.

கல்யாணமும் ஆயிற்று. ஊஞ்சல் அதே பலகையில்தான். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, மீனாவது கொப்பரையாவது. காலேஜ் திறக்க இன்னும் எத்தனை நாள் என்றுதான் லாலி பாடும்போதும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பாக்குவெட்டியால் என் படிப்பை நானே காப்பாற்றிக்கொண்டேன் என்று எனக்குள் ஒரு கர்வம் வேறு.

கரமனை வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வாசனை அடித்தது. வெல்லப்பாகும் பழைய புத்தகமும். எங்கே பார்த்தாலும் ஈட்டி. கட்டில் ஈட்டி, பீரோ ஈட்டி, சாய்வு நாற்காலி ஈட்டி, அரிசிப் பெட்டி ஈட்டி, தேங்காய் துருவுகிற பலகைகூட ஈட்டி. எல்லாவற்றிலும் சங்கு. ஒன்றில்கூட விட்டுப்போகவில்லை. அந்த வீட்டில் முத்திரை இல்லாமல் இருந்தது மனிதர்கள் மட்டும்தான். தூசி துடைக்கும்போது ஒவ்வொரு சங்காகப் பார்ப்பேன். சுத்தியல் மாமனார் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருந்தது. வகுப்பில் முதலாக வந்தவளுக்கு இந்தக் கணக்குப் போட அதிக நேரம் பிடிக்கவில்லை.

காலேஜ் திறக்கிற சமயம் வந்தது. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அப்பாவைக் கேக்கணும்" என்றார். நானே போய்க் கேட்டேன். மாமனார் சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். வீட்டில் எல்லாரும் இருந்தார்கள்.

"மாமா, காலேஜுல சேர்றதுக்கு நாள் ஆயிடுத்து."

"காலேஜா? உனக்கு என்னத்துக்குக் கொழந்தே காலேஜ்?"

"நீங்கதானே சொன்னேள், படிக்கட்டும்னு?"

"சொன்னேன். பொண் பார்க்க வரச்சே ஆயிரம் சொல்லுவா. அதெல்லாம் ஒரு வர்த்தமானமா?" என்று சிரித்தார். "இதோ பாரு, மரம் தெரியாதவாளுக்குத்தான் காலேஜ். நீ பாக்குவெட்டியாலேயே கண்டுபிடிச்சுட்டே. இருக்கற புத்தியே ஜாஸ்தி. இன்னும் படிச்சேன்னா எங்களையெல்லாம் ஒவ்வொருத்தரா சுரண்டிப் பார்த்துடுவே!"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். அன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் முயற்சியும் செய்யவில்லை. அப்பா திருடன் என்று பெயர் எடுக்காமல் இருக்க நான் சொன்ன உண்மையின்மேல், ஊரே சேர்ந்து ஒரு பொய்யை அடித்து மூடியது. அதற்கான கூலியை மட்டும் என்னிடம் வசூல் செய்தார்கள். எனக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள். அவர்கள் காலேஜுக்குப் போக யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருவனுக்குக் கணக்கு சுத்தமாக வராது, அவனும் போனான்.

அதெல்லாம் எந்தக் காலம்! மகாராஜா ஆட்சி போயிற்று. ராஜமரம் என்ற பேச்சும் போயிற்று. மலையில் ஈட்டி நின்ற இடமெல்லாம் வெறிச்சென்று ஆகிவிட்டது. முத்திரை அடித்தது எவ்வளவு, அடிக்காமல் இறங்கியது எவ்வளவு, யாருக்குத் தெரியும்? மாமனார் போன பிறகு பங்கு பிரிக்கும்போது அவர் பிள்ளைகள் அரிசிப் பெட்டிக்குக்கூடச் சண்டை போட்டுக்கொண்டார்கள். எங்கள் அப்பா போன பிறகு அவர் வீட்டை விற்றபோது ஊஞ்சல் பலகையைப் பழஞ்சாமான் வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். திருப்பினார், சங்கைக் கண்டார், "ஒரிஜினல் திருவிதாங்கூர் ஈட்டி" என்று கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எந்தச் சீமையில் எந்தத் துரை அந்த வள்ளத்தில் உட்கார்ந்து ஆடுகிறாரோ. அப்பா இருந்திருந்தால் கப்பலேறிப் போய் அவரிடமும் முதல் தாம்பூலம் வாங்கியிருப்பார்.

என் வீட்டுக்காரருக்கு முதுமையில் உடம்பு தள்ளாமல் போன பிறகு, ஒரு நாள் காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றார். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அதைக்கூட மெதுவாகத்தான் சொன்னார், பக்கத்து அறையில் அவர் அப்பா இருக்கிறாற்போல. "காபி ஆறிடும், குடியுங்கோ" என்றேன். கோபமாகச் சொன்னேனா, சாதாரணமாகச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை, அவரும் போய்விட்டார்.

எல்லாம் போயிற்று, அந்தக் காலேஜ் மட்டும் போகவில்லை. பெருத்துப் பெருத்து இப்போது ஒரு தெரு நீளத்துக்கு நிற்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் அதன் வாசலில் நிற்கும். பெண்கள் கும்பலாக ஏறுவார்கள், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, எங்கேயாவது ஒருத்தி மலையாளத்தில் கணக்கு வாத்தியாரைத் திட்டிக்கொண்டு. "அம்மே, இவிடெ இரிக்கூ" என்று யாராவது எனக்கு இடம் கொடுப்பார்கள். நான் உட்கார்ந்துகொள்வேன். இத்தனை வருஷத்தில் அந்த நிறுத்தத்தில் இறங்க எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.